கண்ணாடியா, லென்ஸா, லேசரா? ராத்திரி பதினோரு மணியை வைத்து ஒரு முடிவு

போன வாரம் கடைக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. வீடு கீழே அஸ்தம்பட்டியில். தினமும் ஸ்கூட்டியில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க வேண்டும். மேலே பனி இறங்கிவிட்டால் ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துக்கொள்கிறது, வளைவில் எதிரே வருகிற பஸ் தெரியவில்லை, லென்ஸ் போட்டுவிடுங்கள் என்கிறாள். அம்மாவின் கவலை வேறு.

"ஏந்தம்பி, அது கண்ணுக்குப் பின்னாடி போயி மூளையில மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

"போகாதுங்கம்மா. வழியே இல்ல."

"செரி, ராத்திரி கழட்ட மறந்து தூங்கிட்டா?"

இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அவர்களை உட்காரச் சொன்னேன்.

நான் டாக்டர் இல்லை. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷமாகப் பவர் பார்த்து, லென்ஸ் போடவும் எடுக்கவும் சொல்லித்தருகிற ஆள். நானும் லென்ஸ் போடுகிறவன்தான். கண்ணாடியிலேயே இருந்துவிடலாமா, மாச லென்ஸா, டெய்லி லென்ஸா, ஒரேயடியாக லேசர் பண்ணிவிடலாமா என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் உட்கார்ந்து பேசுவதை இங்கே எழுதுகிறேன்.

## எந்தப் பயம் நிஜம்?

இமையின் உள்பக்கத்தில் இருக்கும் மெல்லிய சவ்வுதான் அப்படியே மடிந்து திரும்பி விழியின் வெள்ளைப் பகுதியையும் மூடுகிறது. சட்டைப் பையின் அடியைத் தைத்திருப்பதுபோல அந்த மடிப்பு சுற்றிலும் மூடியே இருக்கும். லென்ஸ் பின்னால் போக இடமில்லை. 'காணாமல் போச்சு' என்று பதறி வருகிறவர்களுக்கு அது மேல் இமைக்கு அடியில் இரண்டாக மடிந்து கிடக்கும். இல்லையென்றால் வீட்டு வாஷ்பேசின் ஓரத்தில் காய்ந்து அப்பளமாகக் கிடக்கும்.

செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் பொடி வைத்து ஊதுகிற பையன்கள் இன்னொன்று கேட்பார்கள். நெருப்பு முன்னால் உட்கார்ந்தால் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளுமா? வெல்டிங் வேலை செய்கிறவர்கள் மத்தியில் உலகம் பூராவும் சுற்றுகிற கதை இது. லென்ஸ் உருகும் அளவுக்குச் சூடு வந்தால் அதற்கு முன்பே கண் போயிருக்கும். காய்ந்த லென்ஸ் கருவிழியில் ஒட்டினாற்போல் இருப்பது உண்மை. லென்ஸுக்கென்று விற்கிற ஈரச்சொட்டு இரண்டு விட்டு, ஐந்து நிமிஷம் பொறுத்தால் தானே நகரும். அந்த ஐந்து நிமிஷம் பொறுக்காமல் நகத்தால் பிய்த்தால்தான் கருவிழியில் கீறல் விழும்.

நிஜமான பயம் கிருமி. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே, கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் ஒரு மூடியைப் போடுகிறோம். கண்ணை மூடித் தூங்கினால் மூடிக்கு மேல் இன்னொரு மூடி. 1989-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. லென்ஸோடு தூங்குகிறவர்களில் அதுவே சுமார் 20. அதற்கப்புறம் காற்று அதிகம் விடுகிற சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் 1990-களின் கடைசியில் வந்தன. கண்ணுக்கு அவை சுகம்தான். ஆனால் லென்ஸோடு தூங்குவதன் ஆபத்து அவற்றால் போய்விடவில்லை.

நாலு பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அந்த நாலில் ஒருவராக இருந்தால் சின்னது இல்லை.

## எதை வைத்து எடை போடுவது?

வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து பிராண்டை. நான் கேட்பது வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு, அசதியில், நீங்கள் எப்படிப்பட்ட ஆள்? எழுந்து போய் சோப்புப் போட்டுக் கைகழுவி, துடைத்து, லென்ஸைக் கழற்றிவிட்டுப் படுக்கிற ஆளா? போனைப் பார்த்துக்கொண்டே சோபாவில் சாய்ந்துவிடுகிற ஆளா? பொய் சொல்லாமல் இதற்குப் பதில் வந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

மிச்சம் நாலு. வேலை செய்யும் இடத்தில் தூசி, புகை, தெறிப்பு எவ்வளவு. தண்ணீரோடு எவ்வளவு புழக்கம். பெட்டி விலையை விட்டுவிட்டு ஒரு வருஷத்துக்கு மொத்தம் என்ன ஆகும். ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வர வழி உண்டா. ஒவ்வொன்றையும் இந்தத் தராசில் வைக்கிறேன்.

## கண்ணாடி

கிருமிக் கணக்கில் இதை எதுவும் ஜெயிக்க முடியாது. கண்ணைத் தொடுவதே இல்லை. தூசியைக் கொஞ்சம் தடுக்கும். மேக்னசைட் சுரங்கப் பக்கம் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தக் கொஞ்சத்தின் அருமை தெரியும். லென்ஸ் விற்கிற நான் சொல்கிறேன், பவர் ஒன்று, ஒன்றரைதான், கண்ணாடி உறுத்தவும் இல்லை என்றால் வேறெதற்கும் போக வேண்டாம்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஏற்காட்டுப் பனியில் பூத்துக்கொள்ளும், மழையில் துளித்துளியாக நிற்கும், விளையாட்டில் எகிறும். பவர் ஆறு, எட்டு என்று போனால் ஓரப் பார்வை வளையும். மறைந்த செலவு கீறல்தான். சேலை முந்தானையிலும் சட்டை நுனியிலும் துடைக்கிற பழக்கத்தால் இரண்டு வருஷம் வர வேண்டிய கண்ணாடி ஒரே வருஷத்தில் மங்கிவிடுகிறது.

லென்ஸ் எடுத்தாலும் கண்ணாடியை விட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண் சிவந்தால், சளி காய்ச்சல் என்றால், அன்றைக்கு லென்ஸ் இல்லை. அப்போது போட நடப்புப் பவரில் ஒரு கண்ணாடி வீட்டில் இல்லாதவர்கள்தான் சிவந்த கண்ணிலேயே லென்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

## மாச லென்ஸ்

ஒரு ஜோடியை ஒரு மாசம் போடுவது. தினமும் ராத்திரி கழற்றி, டப்பாவில் சொல்யூஷன் என்கிற கிருமி கொல்லும் திரவத்தில் ஊறவைக்க வேண்டும். இதுவும் டெய்லி லென்ஸும் வளைகிற சாஃப்ட் லென்ஸ்கள்தான். சாஃப்ட் லென்ஸ் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விக்டெர்லே 1961-இல் வீட்டு மேசையில், பிள்ளைகளின் விளையாட்டு இரும்புச் சட்டங்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுற்றும் பொறி செய்து, அதில் முதல் லென்ஸ்களை வார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கண்ணில் உறுத்தாமல் இருப்பது அதனால்தான். எந்தத் தண்ணீரைக் காட்டினாலும் அதையும் அதிலிருப்பதையும் வாங்கி வைத்துக்கொள்வதும் அதனால்தான்.

மாச லென்ஸில் வருகிற வம்பு முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், தொட்டித் தண்ணீர், மண், நீச்சல்குளம் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஓர் உயிரி இருக்கலாம். அது கூடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் குளோரினுக்கும் சுலபத்தில் சாகாது. கருவிழிக்குள் புகுந்தால் வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும். மேட்டூர் காவிரித் தண்ணீர் சுத்தம்தானே, ஆர்ஓ தண்ணீர் சுத்தம்தானே, காய்ச்சி ஆறவைத்தது சுத்தம்தானே என்பார்கள். குடிக்கச் சுத்தம். லென்ஸுக்கு எதுவும் ஆகாது. எச்சில் தொட்டுப் போடுகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரு காலேஜ் தம்பி கண் உறுத்துகிறது என்று வந்தான். "டப்பாவக் கொண்டாந்திருக்கியா?" என்றேன். பேண்ட் பையிலிருந்து எடுத்தான். மூடியைத் திருகும்போதே கறகறவென்று சத்தம், விளிம்பில் உப்புப் பொரிந்திருந்தது. உள்ளே பழைய சொல்யூஷன் லேசான பழுப்பில் இருந்தது. டப்பாவின் அடியை டிஷ்யூ பேப்பரால் வழித்துக் காட்டினேன், வடித்த கஞ்சியின் ஆடைபோல வழவழவென்று வந்தது. "தினமும் மாத்துறேண்ணா" என்றான். மாற்றவில்லை. குறைந்த அளவுக்கு மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறான். சாம்பாரில் தண்ணீர் விட்டு இழுப்பதுபோல இதை இழுக்க முடியாது, பழைய சொல்யூஷனுக்குக் கிருமியைக் கொல்கிற தெம்பு போய்விட்டது.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. தினமும் பழையதைக் கொட்டிப் புதுசு ஊற்ற வேண்டும். லென்ஸை உள்ளங்கையில் வைத்து சொல்யூஷன் விட்டு இருபது விநாடி தேய்க்க வேண்டும், 'தேய்க்கத் தேவையில்லை' என்று போட்டிருந்தாலும். டப்பாவைச் சொல்யூஷனாலேயே அலசி, கவிழ்த்துக் காயவிட வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒரு டப்பா. பாட்டில் திறந்த தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். பெரும்பாலான பாட்டில்கள் திறந்து 90 நாளில் காலாவதியாகிவிடும், உள்ளே மிச்சமிருந்தாலும்.

கைகழுவுவதில் சேலத்துக்கென்று ஒரு விஷயம். சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, பேப்பரில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் லென்ஸைக் கழற்றினால் அன்றைக்கு அழுகைதான். பச்சை மிளகாய்ச் சட்னியின் காரம் தண்ணீரில் போகாது, சோப்பு இரண்டு தடவை வேண்டும். கழற்றினதோடு அது முடிவதில்லை. காரம் ஏறிய லென்ஸ் மறுநாள் காலையிலும் எரிக்கும், அந்த ஜோடியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

செலவுக் கணக்கு: வருஷத்துக்கு 24 லென்ஸ், அதாவது ஆறு லென்ஸ் பெட்டி நாலு. அதோடு சொல்யூஷன் பாட்டில்கள், டப்பாக்கள், வருஷம் ஒரு தடவை கண் பரிசோதனை. பெட்டி விலையை மட்டும் பார்த்து வருகிறவர்கள் சொல்யூஷனில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன டப்பா அப்படி உருவானதுதான்.

தினமும் போடப்போகிறேன், ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன், ராத்திரி கழற்றாமல் தூங்கமாட்டேன் என்கிறவருக்கு மாச லென்ஸ் கட்டுப்படியாகும் வழி. நான் போடுவது இதுதான். நானும் யோக்கியன் இல்லை. சென்னை போகும் நைட் பஸ்ஸில் ஒரு தடவை லென்ஸோடு தூங்கிவிட்டேன். கோயம்பேட்டில் இறங்கும்போது விளக்கையே பார்க்க முடியவில்லை. நல்லவேளை புண் இல்லை, நாலு நாள் சிவப்போடு போயிற்று. அன்றிலிருந்து பஸ் ஏறும் முன்பே கழற்றிவிடுகிறேன்.

## டெய்லி லென்ஸ்

காலையில் பிரித்துப் போட்டு, ராத்திரி கழற்றிக் குப்பையில் போடுவது. டப்பாவும் சொல்யூஷனும் இல்லாததால் அவற்றில் வளர்கிற எதுவும் இல்லை. சோம்பேறிகளுக்கென்றே செய்தது என்று கேலி பேசுவார்கள். சோம்பேறித்தனம் மனுஷ சுபாவம், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்த பொருளை நான் மதிக்கிறேன்.

ஆனால் 'டெய்லி போட்டால் தொற்றே வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008-இல் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வந்த ஆய்வுகளில் கருவிழித் தொற்று எதிர்பார்த்தபடி குறையவில்லை. வந்தாலும் பார்வை போகும் அளவுக்கு முற்றுவது குறைவாக இருந்தது. கழுவாத கை எந்த லென்ஸைத் தொட்டாலும் கழுவாத கைதான். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று இரண்டாம் நாளும் போடுகிறவர்களும் உண்டு. ராத்திரி அதை ஊறவைக்க டப்பா இல்லாததால் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைக்கிறார்கள். மாச லென்ஸைவிட மோசமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

செலவுதான் இடிக்கும். வருஷம் முழுக்கத் தினமும் போட்டால் 730 லென்ஸ், முப்பது லென்ஸ் பெட்டி இருபத்தைந்து. ஒரு பெட்டி ஆயிரத்தைந்நூறு என்று தோராயமாக வைத்தாலும் முப்பத்தேழாயிரத்தைத் தாண்டுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் என்றால் கணக்கு தலைகீழாகும். மாச லென்ஸைத் திறந்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் நாள் ஓடும், டெய்லியில் போட்ட நாளுக்கு மட்டும்தான் காசு. கல்யாணம், ஷட்டில், வெளியூர்ப் பயணம் என்று எப்போதாவது போடுகிறவர்களுக்கு இதுதான் சரி. சிலிண்டர் பவர் (கருவிழியின் கோணலைத் திருத்துகிற பவர்) அதிகமிருந்தால் எல்லா அளவும் கிடைப்பதில்லை, பெட்டி வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

## கெட்டி லென்ஸ்

கருவிழி கூம்பாகும் நோய் உள்ளவர்களுக்கும், கண்ணாடியில் திருத்த முடியாத கோணல் உள்ளவர்களுக்கும் டாக்டர் எழுதித்தருவது. முதல் இரண்டு வாரம் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தும். பழகிவிட்டால் பார்வை கூர்மை. ஆசைக்கு எடுக்கிற சாமான் இல்லை.

## லேசர்

கருவிழியை லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்வது. 'ஒரே செலவு, வாழ்நாள் முழுக்க நிம்மதி' என்று நினைத்து வருவார்கள். ஒரே செலவுதான். ஆனால் எல்லோருக்கும் செய்ய முடியாது. பதினெட்டு வயது தாண்டி, ஒரு வருஷமாவது பவர் நகராமல் இருக்க வேண்டும். கருவிழி மெலிந்தோ கூம்பாகவோ இருந்தால் நல்ல டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும், தள்ளிப்போட வேண்டும். லென்ஸ் போடுகிறவர்கள் சோதனைக்கு முன் டாக்டர் சொல்லும் நாட்களுக்கு, வழக்கமாக ஒன்றிரண்டு வாரம், அதைக் கழற்றிவைக்க வேண்டும். லென்ஸ் அழுத்தியிருந்த கருவிழியை அளந்தால் தப்பான கணக்கு வரும்.

மறைந்த செலவு இரண்டு. சில மாதங்களுக்குக் கண் காயும், பங்குனி சித்திரையில் சேலத்து வெயிலில் வண்டி ஓட்டிப் பாருங்கள், புரியும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், லேசர் அதைத் தடுக்காது. முப்பத்தெட்டு வயதில் செய்துகொண்டவர் நாற்பத்திரண்டில் படிக்கும் கண்ணாடிக்கு வந்து 'ஏமாத்திட்டாங்க' என்பார். அவரை யாரும் ஏமாற்றவில்லை, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். செதுக்கிய கருவிழி திரும்ப வளராது. திரும்பி வரும் வழி இல்லாத ஒரே தேர்வு இதுதான்.

தொழிலில் தினமும் ஆசிட் ஆவி, நெருப்பு, உலோகத் தூள் என்று இருக்கிற பட்டறைக்காரர்களுக்கு லென்ஸைவிட இதையே யோசிக்கச் சொல்வேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை நேரத்தில் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். லென்ஸும் காப்பாற்றாது, லேசரும் காப்பாற்றாது.

## ஒரே பார்வையில்

| | கிருமி ஆபத்து | தூசி, பட்டறை | கவனிக்காத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கண்ணாடி | இல்லை | ஓரளவு தடுக்கும் | கீறல், ஃப்ரேம் | சின்னப் பவர், தோட்ட வேலை |
| மாச லென்ஸ் | டப்பா, தண்ணீர், தூக்கம் | சரிப்படாது | சொல்யூஷன், டப்பா | தினமும் போடும் ஒழுங்கானவர் |
| டெய்லி லென்ஸ் | கை, தூக்கம் | சரிப்படாது | தினமும் போட்டால் பெரிய தொகை | எப்போதாவது போடுபவர், மறதிக்காரர் |
| லேசர் | சிகிச்சையை ஒட்டிய நாட்களில் | பாதுகாப்புக் கண்ணாடியோடு சரி | கண் காய்தல், பின்னால் வெள்ளெழுத்து | நிலைத்த பவர், தகுதியான கருவிழி |

தோட்ட வேலை என்று போட்டதற்குக் காரணம் உண்டு. சேர்வராயன் மலையில் காபி பறிக்கும்போதும், மிளகுக் கொடி இழுக்கும்போதும் இலை நுனி, குச்சி கண்ணில் பட்டுவிடும். செடி பட்ட காயத்தில் பூஞ்சை பிடிப்பது தமிழ்நாட்டில் லென்ஸ் போடாதவர்களுக்கே அடிக்கடி நடக்கிறது. கருவிழியில் லென்ஸையும் வைத்துக்கொண்டு புதருக்குள் நுழைய வேண்டாம். கிளியூர் அருவிக்குக் குளிக்கப் போனாலும் கழற்றிவிட்டுப் போங்கள்.

கலர் லென்ஸை அட்டவணையில் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்கு மேக்கப் போட வருகிறவர்கள் ஒரே ஜோடியைப் பல பெண்களுக்கு மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பவர் இல்லாவிட்டாலும் அதுவும் கருவிழியின்மேல் உட்காரும் பொருள்தான். உங்கள் கண்ணுக்கு அளவெடுத்து, சீல் உடைக்காமல் வந்த சொந்த ஜோடி என்றால் போடுங்கள், இல்லாவிட்டால் மை போதும்.

ஆன்லைனில் வாங்குவதைப் பற்றியும் கேட்பார்கள். கண்ணாடிச் சீட்டில் இருக்கிற எண்ணை அப்படியே அடித்து வாங்கக் கூடாது. கண்ணாடி விழியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறது, லென்ஸ் விழிமேலேயே இருக்கிறது. அதனால் கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் சுமார் மைனஸ் 5.50. வளைவும் விட்டமும் வேறு பார்க்க வேண்டும். ஒருமுறை ஃபிட்டிங் பார்த்துச் சீட்டு வாங்கிவிட்டால் அப்புறம் எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், எங்கள் கடையில்தான் என்று இல்லை.

## சிவந்துவிட்டால்

வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், மங்கல், விடாத சிவப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றியும் குறையவில்லை என்றால் அன்றைக்கே கண் டாக்டர். லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் கையில் கொண்டுபோங்கள், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க அது உதவும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு இரண்டு நாள் அடங்கும், உள்ளே பூஞ்சை செழிக்கும். தாய்ப்பால் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் இங்கே இன்னும் நடக்கிறது. பாட்டியின் அன்பில் குறை சொல்ல மாட்டேன், கருவிழியில் மட்டும் வேண்டாம். பணத்துக்கு யோசிக்கிறவர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போகலாம்.

டீச்சர் பெண்ணுக்கு வருகிறேன். பதினோரு மணிக் கேள்வியைக் கேட்டேன். அவள் வாய் திறக்கும் முன் அம்மா சொன்னார்: "போனு மூஞ்சி மேல விழுந்தாத்தான் தூங்கிட்டான்னே தெரியும்." அதோடு மாச லென்ஸ் போயிற்று. மலையில் பனி இருக்கிற நாட்களுக்கு டெய்லி லென்ஸ், சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுவது, மிச்ச நாளெல்லாம் கண்ணாடி, வண்டியில் எப்போதும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே ஓட்டுவது என்று முடிவானது.

முதல் தடவை போட அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இமை துடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முயற்சியில் லென்ஸ் விரலிலிருந்து நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. புதுசு ஒன்றைப் பிரித்தேன். அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா குனிந்து, விழுந்ததை நுனிவிரலில் எடுத்துக்கொண்டார்.

"அம்பது ரூவா சாமானாச்சே தம்பி. பைப்புத் தண்ணியில ஒரு அலசு அலசிப் போட்டா ஆகாதா?"

மறுபடி அவரை உட்காரச் சொன்னேன்.